லட்சுமியின் வயிறும் நம் ஊர் வரலாறும்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். கவரைப்பேட்டைப் பக்கம் நான்கு கறவை மாடு வைத்திருக்கிறான். பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடத்தில் தூங்குவதற்காகவே கடைசி பெஞ்சைப் பிடித்தவன்; இப்போது விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பால் கறக்கிறான். "சார், பக்கத்துல ஒரு கம்பெனி கேன்டீன்ல தினம் மிச்சச் சோறு கிடைக்குது. ஒரு டிரம் ரொம்பக் கம்மி விலை. வைக்கோல் விக்கிற விலைக்கு இதையே போட்டு ஓட்டிடலாமான்னு பாக்கறேன். நீங்க மாடு வெச்சிருந்தவராச்சே, என்ன சொல்றீங்க?" என்றான்.

"போடாதே" என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லாமல் வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிக்கிற காரணம் இல்லை அது. மாட்டுப் பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. எனவே எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம்தான். வாத்தியாரின் பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994-ல் என் மகளுக்குக் காதுகுத்து. பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே உள்ள எங்கள் ஊர் வீட்டில்தான் வைத்தோம். உறவினர்களில் பலர் அன்று வந்திருந்தீர்கள். அன்று நல்ல மழை. எதிர்பார்த்த கூட்டத்தில் பாதிதான் வந்தது. மாலையில் பார்த்தால் ஒரு பெரிய அண்டா நிறையச் சோறு மிச்சம். அன்னத்தைக் குப்பையில் கொட்ட யாருக்கு மனசு வரும்? கொட்டகையில் லட்சுமி நின்றிருந்தாள். ஜெர்சிக் கலப்பு, இரண்டாம் ஈற்று, அந்தத் தெருவிலேயே அதிகம் கறந்த பசு. "கல்யாணச் சாப்பாடு நமக்கு மட்டும்தானா, அவளும் சாப்பிடட்டும்" என்று நானே என் கையால் தொட்டியை நிரப்பினேன். ஆசையாகத் தின்றாள். தின்னத் தின்ன இன்னும் போட்டேன். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை வைக்கோலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அசை போடவில்லை. வயிறு உப்பியிருந்தது, தட்டினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம். சாணி கூழாக, சாம்பல் நிறத்தில், புளிச்ச வாடையோடு போனது. மதியத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. நடக்கச் சொன்னால் குடித்தவனைப் போலத் தள்ளாடினாள். கால்நடை மருத்துவர் வருவதற்குள் படுத்துவிட்டாள். அவர் ரத்தக்குழாயில் மருந்து ஏற்றினார், வாய் வழியாகச் சோடா உப்புக் கரைசல் கொடுத்தார், இரவு பத்து மணி வரை கூடவே இருந்தார். விடிவதற்குள் லட்சுமி போய்விட்டாள்.

"விஷப்பூச்சி ஏதாவது கடிச்சிருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். "இல்லீங்க சார். சோறுதான்" என்றார். நான் எம்.ஏ., பி.எட். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவன். எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா ஐம்பது வருஷம் மாடு வளர்த்தாள். அவள் கையால் ஒரு மாடும் இப்படிச் செத்ததில்லை. அவளுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியாமல் போனது? இந்தக் கேள்வி முப்பது வருஷமாக என்னோடு இருக்கிறது. அதற்கு நான் கண்டுபிடித்த பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மாட்டின் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம். மாட்டுக்கு இரைப்பையில் நான்கு அறைகள். முதல் அறைதான் மிகப் பெரியது. இடப்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். மருத்துவர்கள் ரூமன் என்பார்கள், நாம் பெருவயிறு என்று வைத்துக்கொள்வோம். வைக்கோலையும் புல்லையும் செரிக்கும் சக்தி மாட்டுக்குச் சொந்தமாகக் கிடையாது. பெருவயிற்றில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் அதைப் புளிக்கவைத்து உடைக்கின்றன. அப்போது உண்டாகும் மென்மையான அமிலங்கள்தான் மாட்டுக்குச் சக்தி. அதாவது, நாம் மாட்டுக்குத் தீனி போடவில்லை. மாட்டுக்குள் இருக்கும் கிருமிக் கூட்டத்துக்குத்தான் போடுகிறோம். அந்தக் கூட்டம் மாட்டுக்குச் சோறு போடுகிறது.

அந்த அமிலம் அளவோடு இருக்க இயற்கை ஒரு வழி வைத்திருக்கிறது. அதுதான் அசை போடுதல். நாரும் தாளுமாகத் தின்ற மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். அப்போது ஊறும் எச்சில் ஒரு நாளைக்கு ஏழெட்டுக் குடம் இருக்கும். அந்த எச்சிலில் சோடா உப்பு இருக்கிறது. அது வயிற்றுக்குள் இறங்கி, அமிலத்தைத் தணித்துக்கொண்டே இருக்கும்.

சோறோ அரிசியோ மாவோ வயிறு முட்டப் போனால் கதை மாறிவிடுகிறது. மாவுச்சத்தை உடைக்க நாட்கணக்கு வேண்டாம், சில மணி நேரம் போதும். மாவுச்சத்தில் வேகமாகப் பெருகும் ஒரு வகைக் கிருமி மளமளவென்று வளர்ந்து, தயிரைப் புளிக்கவைக்கும் அதே லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. சோற்றை மெல்ல வேண்டியதில்லை. மெல்லாததால் அசை இல்லை. அசை இல்லாததால் எச்சில் இல்லை. தணிக்க ஆள் இல்லை. புளிப்பு ஏற ஏற நாரைச் செரிக்கும் நல்ல கிருமிகள் செத்துப்போகும். அமிலத்தைத் தாங்கும் கிருமிகள் மட்டும் மிஞ்சி இன்னும் அமிலத்தைச் சுரக்கும். உடம்பில் இருக்கும் தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும். லட்சுமியின் வயிற்றில் தளும்பியது அவள் குடித்த தண்ணீர் இல்லை. அவள் ரத்தத்திலிருந்து வந்தது. கண் உள்ளே போனதும் அதனால்தான். பிறகு அமிலம் ரத்தத்தில் கலந்துவிட்டால், மருத்துவர் கையிலும் அதிகம் இருக்காது.

இதை உலகம் கண்டுபிடித்தது எப்போது? 1843-ல் பாரிஸில் குரூபி, டெலாஃபோன் என்ற இருவர் அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் நுண்ணுயிர்கள் நீந்துவதைக் கண்டு சொன்னார்கள். அவை அங்கே என்ன செய்கின்றன என்பது தெளிவாக நூறு வருஷம் ஆனது. 1944-ல் கேம்பிரிட்ஜில் ஜோசப் பார்க்ராஃப்டும் அவருடைய சகாக்களும், பெருவயிற்றில் உண்டாகும் அமிலங்கள் அதன் சுவர் வழியாகவே ரத்தத்தில் சேர்ந்து உணவாகின்றன என்று நிரூபித்தார்கள். 1952-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஹங்கேட்டும் அவர் குழுவினரும் தானியத்தை அளவுக்கு மீறித் தின்ற ஆடுகளின் வயிற்றில் மணிக்கு மணி என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார்கள். எந்தக் கிருமி குறைகிறது, எது பெருகுகிறது என்று விளக்கினார்கள். நம் ஊர் மருத்துவர் எனக்குச் சொன்ன விளக்கத்தின் வேர் அந்த ஆராய்ச்சியில் இருக்கிறது.

அமெரிக்காவுக்கு அந்தக் கவலை ஏன் வந்தது? இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அங்கே மக்காச்சோளம் மலையாகக் குவிந்தது. இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகளைப் பட்டியில் அடைத்து, கடைசிச் சில மாதம் தானியத்தைப் போட்டுக் கொழுக்க வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் ரோவெட் ஆராய்ச்சி நிலையத்தில் பிரஸ்டன் என்ற விஞ்ஞானி 1960களின் தொடக்கத்தில் பார்லியையே முக்கியத் தீனியாக வைத்து மாடு வளர்க்கும் முறையை உருவாக்கினார். மாடு வேகமாக வளர்ந்தது. வயிற்றுப்புண், ஈரலில் சீழ்க்கட்டி, குளம்பு நோய் எல்லாம் கூடவே வந்தன. அங்கே உள்ளவர்கள் அதற்கு முறைகள் வகுத்தார்கள்: தீனியை இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது, நார்த்தீனியை அறவே நிறுத்தாமல் இருப்பது, தானியத்தை மாவாக அரைக்காமல் நசுக்கி மட்டும் போடுவது. அவர்களுக்கு அது கணக்குப் பார்த்துச் செய்யும் தொழில். ஆயிரம் மாட்டில் இத்தனை நோயில் விழும் என்று தெரிந்தே செய்கிறார்கள்.

நம் பக்கத்தில் இறைச்சிக்காகத் தானியம் போட்டு மாட்டைக் கொழுக்க வைக்கும் பண்ணையை நான் பார்த்ததில்லை. ஆனால் அதே நோய் நம் கொட்டகைக்கு வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது. அந்த வாசலைத் திறந்தது நம் மண்ணின் வரலாறு. இனி நான் என் பாடத்துக்கு வருகிறேன்.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற கம்பெனி அதிகாரி செங்கல்பட்டுச் சீமையின் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அப்போது நம் பொன்னேரிப் பக்கமும் அந்தச் சீமையில்தான் சேர்த்தி. அந்தக் கணக்கில் ஓர் ஊர் என்றால் வயல் மட்டும் இல்லை. ஏரி, தோப்பு, காடு, வீடுகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஊர். மாட்டுக்கு என்று தனியாக யாரும் பயிர் வைக்கவில்லை. ஊரின் விளிம்பெல்லாம் மாட்டின் பங்கு. சென்னையில் மந்தைவெளி என்று ஒரு பேட்டை இருக்கிறதே, மந்தை நின்ற வெளிதான் அது.

வெள்ளைக்காரன் வரிக்கணக்கு எழுதியபோது, வரி வராத நிலத்தைக் கணக்குக்குப் புறம்பே போனது என்று ஒதுக்கினான். அதுதான் புறம்போக்கு. ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று எத்தனை வகை! ஊருக்கு எல்லாம் கொடுத்த நிலத்தின் பெயர் இன்று நம் வாயில் வசைச்சொல்லாகிவிட்டது. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய நன்றிகெட்டத்தனம்.

1889-ல் இந்திய விவசாயத்தை ஆராய லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட வோல்க்கர் என்ற வேதியியலாளர் 1893-ல் வெளியான அறிக்கையில், விறகுக்கும் தீவனத்துக்கும் என்று தனிக் காடுகளை ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். விறகு இல்லாமல் சாணியை எரிக்கிறார்கள், அதனால் நிலத்துக்கு எரு இல்லை என்பது அவர் கவலை. மேய்ச்சல் நிலத்தின் நெருக்கடி அப்போதே தொடங்கிவிட்டது என்பது இதிலிருந்து தெரிகிறது. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அதிலிருந்து வந்த மருத்துவர்கள்தான் பிறகு நம் மாவட்டத்துக் கொட்டகைகளில் முழங்கை வரை சாணியோடு நின்றவர்கள்.

இப்போது என் ஆயா காலத்துக்கு வருகிறேன். 1960களில் எங்கள் ஊரில் காலை எட்டு மணிக்கு மாட்டுக்காரர் தெருவில் குரல் கொடுப்பார். எல்லா வீட்டு மாடும் அவிழ்ந்து ஒரே மந்தையாக மேய்க்காலுக்குப் போகும். கோடையில் ஏரி உள்வாயில் கோரையும் அருகும் கிடக்கும். பொழுது சாய மாடுகள் தாமாகவே வீடு திரும்பும். ஆயா ஒவ்வொரு மாட்டின் இடப்பக்கப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். பிறகு கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்து, "அசை போடுதா?" என்று கேட்பாள். போட்டால்தான் அவள் சாப்பிடப் போவாள். பிற்காலத்தில் மருத்துவர் லட்சுமியின் இடப்பக்கத்தில் கையை வைத்து அழுத்தியபோது எனக்கு ஆயாவின் கைதான் ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்தில் அரிசி என்றால் சாமானியமா? 1964, 65, 66 வருஷங்களின் பஞ்சம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமையைத் தின்ற தலைமுறை நாங்கள். வீட்டில் ராத்திரி கேழ்வரகுக் களி, கூழ். நெல்லுச்சோறு நாள்கிழமைக்குத்தான். 1967 தேர்தலில் பெரிய பேச்சே ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதுதான். இப்படிப்பட்ட வீட்டில் மாட்டுக்கு யார் சோறு போடுவார்கள்? மாட்டுக்கு அரிசி கழுவிய கழுநீர், வடிகஞ்சி, கைப்பிடி தவிடு, கொஞ்சம் பிண்ணாக்கு. மற்றதெல்லாம் வைக்கோலும் மேய்ச்சலும். மாட்டுப் பொங்கலன்றுகூட வாழையிலையில் ஒரு உருண்டை பொங்கலும் ஒரு பழமும் வைத்து ஊட்டுவதோடு சரி. பிறகு கரும்புத் தோகை. அந்த உருண்டை அளவு சாஸ்திரம் இல்லை, இருந்ததே அவ்வளவுதான்.

ஆயாவின் மாடுகள் ஏன் சாகவில்லை என்பதற்குப் பாதி பதில் இதிலே கிடைத்துவிட்டது. அவளிடம் அனுபவ அறிவு இருந்தது உண்மை. ஆனால் தப்புச் செய்வதற்கு வேண்டிய அரிசியே அவளிடம் இல்லை என்பதும் உண்மை.

அதன் பிறகு நாற்பது வருஷத்தில் நான்கு மாற்றங்கள் வந்தன.

ஒன்று, நெல். 1966-ல் ஐ.ஆர்.8 என்ற குட்டை ரக நெல் வந்தது. பின்னாலேயே இன்னும் பல குட்டை ரகங்கள். விளைச்சல் பெருகியது, பஞ்சம் போனது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பசியில் படித்தவன் நான். ஆனால் தாள் குட்டையானது. வீட்டுக்கு வீடு நின்ற வைக்கோல்போர் சிறுத்தது. கேழ்வரகு, கம்பு போட்ட மேட்டுநிலங்கள் ஆழ்துளைக் கிணறு வந்ததும் நெல்லுக்கு மாறின. அவற்றின் தாளும் போனது. பிறகு சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எந்தப் பட்டமானாலும் அறுவடை இயந்திரம்தான். அது துப்பும் வைக்கோல் நசுங்கிச் சேற்றில் கிடக்கும். இப்போது அதையும் இயந்திரம் வைத்துக் கட்டாக்கிக் காசுக்கு விற்கிறார்கள்.

இரண்டு, மாடு. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் பால் கொண்டுசேர்க்கும் நகரங்களில் ஒன்றாகச் சென்னையை எடுத்துக்கொண்டது. 1981-ல் நம் மாநிலக் கூட்டுறவுப் பால் இணையம் வந்தது. ஊர்ப் பசுக்களுக்கு ஜெர்சி விந்து செலுத்தினார்கள். இரண்டு லிட்டர் கறந்த கொட்டகையில் பத்து லிட்டர் கறந்தது. எத்தனை வீட்டுப் பிள்ளைகள் பால் காசில் படித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு வெறும் வைக்கோல் போதாது. அடர்தீவனம் வேண்டும். செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்து தவிடும் குருணையும் மூட்டை மூட்டையாக வந்தன. மாட்டின் தட்டில் நார் குறைந்து மாவு கூடியது.

மூன்று, நிலம். சிப்காட் நிறுவனம் 1971-ல் தொடங்கப்பட்டது. 1980களில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வளர்ந்தது. இரும்பு உருட்டாலைகள் வந்தன, வேலை வந்தது. என் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே சேர்ந்தார்கள். அந்தச் சம்பளத்தில் ஓட்டுவீடு கான்கிரீட் வீடானது. அதே சமயம் மேய்ச்சல் வெளிகள் ஒவ்வொன்றாக வேலிக்குள் போயின. நம் தாலுகாவிலேயே தேர்வாய்கண்டிகையை எல்லோருக்கும் தெரியும். சிப்காட் பூங்காவுக்காக ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்தபோது, அது எங்கள் காடு, எங்கள் மாடுகளின் மேய்ச்சல், எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரும் வழி என்று ஊர் மக்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். அங்கே வந்த பிரெஞ்சு டயர் ஆலையை முன்னிட்டு 2012-ல் பிரான்ஸ் வரைக்கும் புகார் போனது. ஆலை நின்றது. பக்கத்தில் 2020-ல் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டது. சென்னை அதன் தண்ணீரைக் குடிக்கிறது. வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். ஆனால் மாட்டுக்கு வேறு வெளி எது என்று யாரும் ஒரு வரி எழுதவில்லை.

நான்கு, அரிசி விலை. ரேஷன் அரிசி 2006-ல் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011-லிருந்து இலவசம். இதையும் நான் பழிக்க மாட்டேன். எந்த வீட்டிலும் பிள்ளை பசியோடு படுக்கக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் வேறொன்றும் நடந்தது. கடையில் வாங்கிய பொன்னி அரிசியைச் சாப்பிட்ட வீட்டில் ரேஷன் அரிசி மூட்டை மிஞ்சியது. மண்டபங்கள் பெருகின, தொழிற்சாலை கேன்டீன்கள் பெருகின, மிச்சச் சோறு அண்டா அண்டாவாக வெளியே வந்தது. ஒரு பக்கம் வைக்கோல் கட்டு விலை ஏறுகிறது, இன்னொரு பக்கம் சோறு சும்மா கிடைக்கிறது. மாடு வைத்திருப்பவன் எதைப் போடுவான்?

இந்த நாலையும் சேர்த்துப் பாருங்கள். ஆயாவின் காலத்தில் புல் சும்மா கிடைத்தது, சோறு கிடைக்கவில்லை. நம் காலத்தில் சோறு சும்மா கிடைக்கிறது, புல் கிடைக்கவில்லை. ஐம்பது வருஷத்தில் ஊரே தலைகீழாகத் திரும்பிவிட்டது. மாட்டின் வயிறு மட்டும் திரும்பவில்லை. அது இன்னும் மேய்க்காலில்தான் நிற்கிறது.

என் கேள்விக்கு மீதிப் பதில் இதுதான். நான் மூடனாக இருந்ததால் மட்டும் லட்சுமி சாகவில்லை. சோறு வீணாகக் கூடாது என்பது பஞ்ச காலத்து அறம். அண்டா நிறையச் சோறு மிஞ்சுவது புதிய காலம். பழைய அறத்தைப் புதிய காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடித்தேன். அந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவள் அவள்.

இன்றும் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நம் பக்கத்துக் கால்நடை மருத்துவர்களுக்கு ஓய்வு இருக்காது. ஒவ்வொரு வருஷமும் அதிகமாகப் பொங்கல் கொடுக்காதீர்கள் என்று கால்நடைத் துறையினர் சொல்கிறார்கள். ஆனாலும் வீட்டுக்காரர் ஒரு இலை, பக்கத்து வீட்டார் ஒரு இலை, பேரப்பிள்ளைகள் ஆளுக்கு ஒரு உருண்டை, கடைசியில் பானையில் மிஞ்சியது என்று எல்லாம் ஒரே வயிற்றுக்குள் போகிறது. எல்லாம் அன்புதான். அந்த அன்புதான் பயமாக இருக்கிறது.

இன்னொரு வரலாற்றுச் செய்தியையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் பார்லி போட்டு மாடு வளர்த்த அதே பிரஸ்டன், 1960களின் நடுவில் கியூபாவுக்குப் போனார். அங்கே பார்லி இல்லை, கரும்பு இருந்தது. அங்கிருந்துதான் அவர் பாதை மாறியது. எந்த ஊரில் எது விளைகிறதோ அதற்கேற்ப மாடு வளர்க்கும் முறையை அமைக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். 1987-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி லெங்குடன் சேர்ந்து வெப்பநாடுகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அந்த லெங் இந்தியாவுக்கு வந்து தேசியப் பால்வள வாரியத்தோடு வேலை செய்தார். வைக்கோல் தின்னும் மாட்டுக்கு உதவியாக யூரியா, வெல்லப்பாகு, தாது உப்பு சேர்த்த நக்குக்கட்டி 1980களில் நம் நாட்டில் பரவியது அந்த வழியில்தான். அது வைக்கோலின் இடத்தைப் பிடிக்கவில்லை. வைக்கோலைச் செரிக்கும் கிருமிகளுக்குப் பக்கபலமாக நின்றது. தானியத்தில் தொடங்கியவரே கடைசியில் வைக்கோலுக்கும் புல்லுக்கும் வந்து சேர்ந்தார் என்பது எனக்கு ஆறுதலான விஷயம்.

சரி, கவரைப்பேட்டைத் தம்பிக்கும் மாடு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இது மருத்துவம் இல்லை, பட்டவன் சொல்.

கேன்டீன் சோற்றையும் மண்டபத்துச் சோற்றையும் தீனியாக நம்பாதே. மாட்டுப் பொங்கலன்று முதலில் வைக்கோலோ பசும்புல்லோ வயிறாறப் போட்டுவிடு. பிறகு ஒரு உருண்டை பொங்கல். வீட்டில் ஒருவர் மட்டும் ஊட்டட்டும்; மற்றவர்கள் பழம், கரும்புத் தோகை, அகத்திக்கீரை கொடுக்கட்டும். அரிசி, குருணை, மாவு மூட்டைகளை மாடு எட்டாத இடத்தில் கதவு போட்டு வை. கயிறு அவிழ்ந்த மாடு இரவில் மூட்டையைத் தேடிப் போகும். அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடு. தீனியை மாற்றுவதென்றால் இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்று. கிருமிக் கூட்டத்துக்கும் பழக நாள் வேண்டும். பால் கூட வேண்டுமென்று நாரைக் குறைக்காதே. கொட்டகை ஓரத்தில் பத்து சென்ட் இருந்தாலும் கம்பு நேப்பியர் கரணை நடு.

தினமும் பொழுது சாய்ந்ததும் ஆயாவைப் போல ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார். படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசை போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். சோறு அதிகம் தின்றுவிட்டது என்று தெரிந்தால் நோய்க்குறி வரட்டும் என்று காத்திருக்காதே. அந்த மணிக்கே மருத்துவரைக் கூப்பிடு. 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸும் இருக்கிறது. முதல் சில மணி நேரத்தில் வந்தால் காப்பாற்றலாம். நான் கூப்பிட்டது மறுநாள்.

லட்சுமி போன பிறகு அவள் கன்றைப் பக்கத்து வீட்டுச் சித்தி வளர்த்தார். அதன் வழிவந்த பசு ஒன்று இன்றும் எங்கள் தெருவில் இருக்கிறது. போன பொங்கலுக்கு என் பேத்தி கிண்ணம் நிறைய சர்க்கரைப் பொங்கலோடு அதைத் தேடிப் போனாள். வாங்கி, ஒரு உருண்டை மட்டும் அவள் கையில் வைத்தேன். "தாத்தா, கஞ்சன்" என்றாள். இருந்துவிட்டுப் போகிறேன்.

உங்கள் ஊரில் மேய்க்கால் எங்கே இருந்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள். மாடுகளுக்கும்தான்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்